கோயில் திடல்களைக் காலையில் ஒரு மணி நேரம் திறந்துவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் 31 ஆண்டுகள் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். என் பெற்றோர் இருவரும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர்கள். கடந்த ஓராண்டுக்கும் மேலாக, வாரத்தில் மூன்று நாள், எங்கள் குடியிருப்புப் பெண்கள் திறந்தவெளியில் ஒன்றுகூடி, கும்மியும் கோலாட்டமும் கலந்த உடற்பயிற்சி வகுப்பு ஒன்றை நடத்தி வருகிறோம். அந்த அனுபவத்திலிருந்து பிறந்த வேண்டுகோள் ஒன்றை நம் ஆலய நிர்வாகங்களின் முன்னும் தமிழ்ப்பள்ளி வாரியங்களின் முன்னும் வைக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன். திருவிழாக் காலம் நீங்கலாக ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக்கிடக்கும் கோயில் திடல்களையும், விடுமுறை நாள்களில் ஆளரவமின்றிக் கிடக்கும் பள்ளித் திடல்களையும், காலை 7 மணி முதல் 8 மணி வரை இத்தகைய வகுப்புகளுக்குத் திறந்துவிட வேண்டும்.

தோட்டத்தில் வாழ்ந்த காலத்தில் உடலை அசைப்பதற்கென்று எவரும் தனியே நேரம் ஒதுக்கியதில்லை. என் தாயார் விடியற்காலை 4 மணிக்கு எழுந்து, சமைத்து வைத்துவிட்டு, பெரட்டில் (காலை ஆள்கணக்கெடுப்பில்) பெயர் கொடுத்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் (மர வரிசைக்குள்) நுழைவார். ஏறத்தாழ 500 மரங்களை வெட்டி, மங்குகளில் வடிந்த பாலைச் சேகரித்து, காண்டாக் கம்பின் இரு முனையிலும் வாளிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு அவர் பால் ஸ்டோருக்கு வந்து சேரும்போது நண்பகல் ஆகிவிடும். மாலையில் பைப்படியில் (பொதுக் குழாயடியில்) துணி துவைக்கும்போது லயத்துப் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) பெண்கள் அனைவரும் அங்கிருப்பார்கள். யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யார் மகனுக்கு எந்த ஊரில் வேலை கிடைத்தது, யார் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பதெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். மாரியம்மன் திருவிழா நெருங்கினால் அதே பெண்கள் இரவில் கோயிலுக்கு முன்னிருந்த மண்தரையில் வட்டம் கட்டிக் கும்மி பழகுவார்கள்.

அந்த வாழ்க்கையை நான் பொற்காலமாகக் காட்ட விரும்பவில்லை. என் தாயாரின் வலது தோள்பட்டை 50 வயதிலேயே மேலே உயர மறுத்தது. முழங்கால்கள் அதற்கு முன்பே தேய்ந்துவிட்டன. ஓய்வின்றி, விருப்பமின்றி, கூலிக்காகச் சுமக்கும் உழைப்பு, ஒருவர் தாமே விரும்பி ஓய்வு நேரத்தில் செய்யும் பயிற்சியைப் போல இதயத்தைக் காப்பதில்லை என்று ஆய்வாளர்கள் சிலர் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் அது வியப்பாக இராது. ஆனால் ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நாம் தாமான்களுக்கும் (வீடமைப்புப் பகுதிகளுக்கும்) அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்தபோது, உழைப்பின் கொடுமையோடு சேர்ந்து உடலின் அசைவும் போயிற்று, பைப்படியின் பேச்சும் போயிற்று. இரண்டும் ஒரே காலத்தில் போனதால், எதனால் நமக்கு இந்தச் சோர்வு வந்தது என்று பிரித்தறியவும் பலருக்கு இயலவில்லை.

அரசு கிளினிக்கில் காலை வேளையில் ஒரு முறை வரிசையில் அமர்ந்து பார்த்தவர்கள் நான் சொல்வதை ஒப்புக்கொள்வார்கள். சுகாதார அமைச்சு 2023-இல் நடத்திய தேசிய சுகாதார, நோயுறு நிலை ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளது, 29.2 விழுக்காட்டினருக்கு இரத்த அழுத்தம், 54.4 விழுக்காட்டினர் அளவுக்கு மீறிய எடையோ உடற்பருமனோ உடையவர்கள். இவை எல்லா இனத்தவருக்கும் பொதுவான எண்கள். 2019-ஆம் ஆண்டு ஆய்வை இனவாரியாகப் பார்த்தால், இந்தியர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு இனிப்புநீர் இருந்தது. மற்ற பெரிய இனங்கள் எதிலும் அந்த அளவு இல்லை. மனச்சோர்வைப் பற்றியும் 2023 ஆய்வு ஒரு செய்தியைத் தந்தது. 2019-இல் 2.3 விழுக்காடாக இருந்த மனச்சோர்வு 4.6 விழுக்காடாக இருமடங்காகியிருந்தது. கைபேசித் திரையில் இத்தகைய எண்களைப் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எங்கள் வகுப்புக்கு வரும் 26 பெண்களில் 11 பேர் இனிப்புநீர் மாத்திரை எடுப்பவர்கள். இருவர் ஊசி போட்டுக்கொள்பவர்கள். எனக்கு அந்த எண்கள் முகங்களாகவே தெரிகின்றன.

வகுப்பு தொடங்கிய விதத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஈப்போவில் மகள் வீட்டில் தங்கும்போதெல்லாம் டி.ஆர். சீனிவாசகம் பூங்காவுக்குக் காலையில் நடக்கப் போவேன். அங்கே சீன முதியவர்கள் மரநிழலில் வரிசையாக நின்று, மிக மெதுவாக, ஒரே சீராகக் கைகளை உயர்த்தித் தாழ்த்துவதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர்ப் பாடாங்கில் (பொதுத் திடலில்) மலாய்ப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டுப் போட்டுக்கொண்டு செனாம்ரோபிக் உடற்பயிற்சி செய்வார்கள். இரு கூட்டத்தாருமே என்னை அன்போடு சேர்த்துக்கொண்டார்கள். அங்கு நான் கற்றவை பல. ஆனால் என் தாமானிலிருந்து நான் அழைத்த பெண்கள் எவரும் வரவில்லை. மொழி புரியாது என்றார்கள், வெட்கமாக இருக்கிறது என்றார்கள், அந்த வேகத்திற்கு நம்மால் ஆகாது என்றார்கள். ஆகவே எங்கள் தாமானின் ஓரத்திலிருந்த வெற்றிடத்தில், ஐந்து பேரை மட்டும் வைத்துக்கொண்டு, பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த எண்ணிக்கைப் பயிற்சிகளைத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மூன்றாம் வாரம் ஐவர் இருவரானார்கள். பயிற்சியில் பிழையில்லை, அதில் உயிரில்லை.

எஞ்சியிருந்த இருவரில் ஒருவர் 70 வயதைக் கடந்தவர், கணவரை இழந்தவர், பிள்ளைகள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். பேசவே மாட்டார். ஒரு நாள் எண்ணிக்கையை விட்டுவிட்டு, நினைவிலிருந்த ஒரு கும்மி அடியை நான் போட்டுக் காட்டினேன். அவர் சட்டென்று என் கையைப் பிடித்து, "இப்படி இல்லை டீச்சர், எங்கள் தோட்டத்தில் மூன்றாவது தட்டு குனிந்துதான் தட்டுவோம்" என்றார். பிறகு தாமே போட்டுக் காட்டினார்; முழங்கால் வலிக்கிறது என்று நாற்காலி கேட்டவர் வட்டத்தை நான்கு முறை சுற்றினார். அடுத்த வகுப்புக்கு அவர் தம் பழைய தோட்டத்துத் தோழிகள் மூவரை அழைத்துவந்தார். அன்றிலிருந்து கூட்டம் குறையவில்லை. ஒவ்வொரு தோட்டத்திற்கும் ஓர் அடி, ஒரு தட்டு, ஒரு மெட்டு இருந்திருக்கிறது என்பதை நான் 60 வயதுக்கு மேல்தான் அறிந்துகொண்டேன். எவர் அடி சரி என்று அவர்கள் வாதாடும் நேரமும் வகுப்பின் ஒரு பகுதியாகிவிட்டது.

வகுப்பு 50 நிமிடம் நடக்கும். முதல் 10 நிமிடம் கழுத்து, தோள், இடுப்பு, கணுக்கால் ஆகிய மூட்டுகளை இளக்கி, வட்டமாக நடக்கிறோம். பிறகு கும்மி: முன்னே இரண்டு அடி, பின்னே ஓர் அடி, உள்நோக்கிக் குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு. முதுகுவலி உள்ளவர்கள் இடுப்பை வளைக்காமல் முழங்காலை மட்டும் மடக்கித் தட்டுகிறார்கள். தொடைத்தசை உடலின் மிகப் பெரிய தசைகளுள் ஒன்று. அது சுருங்கி விரியும்போது இன்சுலினின் உதவி இல்லாமலும் இரத்தத்திலுள்ள சர்க்கரையை உள்ளிழுத்துக்கொள்ளும் என்பதால், இனிப்புநீர் உள்ளவர்களுக்கு இந்த முழங்கால் மடக்கலே முதன்மையான பகுதி. கும்மிக்குப் பிறகு கோலாட்டம். இதற்கென ரோத்தான் பிரம்பை முழ நீளத்திற்கு வெட்டி, முனையைத் தேய்த்து, 14 இணைக் கோல்கள் செய்து வைத்திருக்கிறோம். வலக்கை இடப்பக்கம் போக வேண்டும், இடக்கை மேலே போக வேண்டும், நான்காவது தட்டில் எதிரில் நிற்பவர் மாற வேண்டும், அடுத்தவர் கோலைத் தவறவிடாமல் பிடித்துத் தட்ட வேண்டும். கையும் காலும் கண்ணும் நினைவும் ஒரே சமயத்தில் வேலை செய்கின்றன. தப்பாகத் தட்டினால் எதிரிலிருப்பவரின் ஆட்டமும் நின்றுவிடும் என்பதால், மனம் வேறெங்கும் அலைய வழியில்லை. கடைசி 10 நிமிடம் ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சியும், அமைதியாக மூச்சை இழுத்துவிடுவதும்.

வேகத்தை எப்படி அளப்பது என்று பலர் கேட்கிறார்கள். மருத்துவர்கள் சொல்லும் எளிய முறை ஒன்று உண்டு. பயிற்சியின்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது. அதுவே மிதமான வேகம். மூச்சுத் திணறிப் பேச்சே வரவில்லையென்றால் வேகம் மிகுதி. நிம்மதியாகப் பாட முடிந்தால் வேகம் போதாது. இதை அறிந்தபின்தான் கும்மிப் பாட்டின் அமைப்பு எனக்கு விளங்கியது. ஒருவர் ஓர் அடியைப் பாட, மற்றவர்கள் அதன் கடைசிப் பகுதியை மட்டும் வாங்கிப் பாடுவார்கள். ஆடுகிறவர்களுக்கு மூச்சு விட இடைவெளி கிடைக்கும். பாட்டைத் தொடுப்பவருக்கு மூச்சு வாங்கினால் அடுத்தவர் எடுத்துக்கொள்வார். பெரியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எதையும் வகுத்துவிடவில்லை. காலடிக்கும் ஒரு கணக்கு உண்டு: நிமிடத்திற்கு ஏறத்தாழ 100 அடிகள் வைத்து நடப்பது மிதமான வேகம் என்று கொள்ளப்படுகிறது. சனிக்கிழமைகளில் எங்கள் தாமானைச் சேர்ந்த உருமி மேள இளைஞர்கள் இருவர் வந்து அடித்துத் தருகிறார்கள். அவர்களிடம் இந்த 100 என்ற எண்ணைச் சொன்னோம், கைபேசியில் பார்த்துப் பழகிக்கொண்டு வந்து அதே தாளத்தில் நிற்கிறார்கள். உருமி என்றாலே வம்புதான் என்று பேசுவோர் ஒரு சனிக்கிழமை வந்து அந்தப் பிள்ளைகள் பாட்டிமார்களுக்காகத் தாளத்தைக் குறைத்து வாசிப்பதைப் பார்க்க வேண்டும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரியவர்கள் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலசைவில் ஈடுபட வேண்டும் என்றும், 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலையையும் தசை வலுவையும் காக்கும் பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என்றும் கூறுகிறது. எங்கள் 50 நிமிட வகுப்பு மூன்று நாள் நடந்தால் 150 நிமிடம் ஆகிறது. மூட்டு இளக்கும் நேரத்தையும் மூச்சுப் பயிற்சியையும் அந்தக் கணக்கில் முழுமையாகச் சேர்க்க இயலாது என்பதால், வரும்போதும் போகும்போதும் வேகமாக நடக்கும்படி சொல்கிறோம். மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விடும் கணவர்களிடமும் அதையே சொல்லியாகிவிட்டது.

நடனத்தால் என்ன நன்மை என்பதை மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டிய கடமை ஆசிரியை என்ற முறையில் எனக்கு உண்டு. நியூயார்க்கில் 75 வயதைத் தாண்டிய 469 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2003-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், உடலசைவுள்ள பொழுதுபோக்குகளுள் நடனம் ஒன்றுதான் மறதி நோயின் குறைந்த வாய்ப்போடு தொடர்புற்றிருந்தது. நடனம்தான் நோயைத் தடுத்தது என்று அதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. நல்ல நினைவாற்றல் உடையவர்களே ஆடப் போயிருக்கவும் கூடும். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரேசில் நாட்டு மாணவர்களைக் கொண்டு நடத்தி 2015-இல் வெளியிட்ட சோதனையில், ஒரே அசைவை ஒரே நேரத்தில் சேர்ந்து ஆடியவர்களுக்கு வலியைத் தாங்கும் ஆற்றல் கூடியது. உடன் ஆடியவர்களிடம் நெருக்கமும் வளர்ந்தது. கடினமாக ஆடினார்களா, மென்மையாக ஆடினார்களா என்பதற்கு அப்பால், சேர்ந்து ஒரே சீராக ஆடியதற்கே தனிப் பயன் இருந்தது. வட்டம் கட்டிக் கும்மி தட்டியவர்களின் முகத்தை நினைத்துப் பார்த்தால் இது நமக்குப் புரியும். மனச்சோர்வுக்கு உடற்பயிற்சி தரும் பலனை 218 ஆய்வுகளிலிருந்து திரட்டிய தொகுப்பு ஒன்று 2024-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. நடை, யோகா, வலுப் பயிற்சி ஆகியவற்றோடு நடனமும் பலன் தருவதாக அது காட்டியது, ஆயினும் நடனத்தைப் பற்றிய ஆய்வுகள் எண்ணிக்கையில் குறைவு. மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர்கள் வகுப்பை நம்பி மருந்தை நிறுத்திவிடக் கூடாது. முதியவர்கள் விழுவதைப் பற்றிய 108 சோதனைகளை 2019-இல் தொகுத்த கோக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் அறிக்கை, பயிற்சியால் விழும் வீதம் ஏறத்தாழ 23 விழுக்காடு குறைகிறது என்கிறது. அதில் பெரும்பங்கு சமநிலைப் பயிற்சிகளைச் சாரும், நடனம் மட்டும் போதும் என்பதற்குச் சான்று இல்லை. ஆகையால்தான் ஆட்டத்தோடு நின்றுவிடாமல் ஒற்றைக்காலில் நிற்பதை விடாமல் வைத்திருக்கிறோம்.

மண்டபத்தில் செய்தால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. மண்டபத்திற்கு வாடகை, மின்விசிறிக்குத் தனிக் கட்டணம், திருமணம் வந்தால் வகுப்பு இல்லை. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. மண்டபத்தின் கதவுக்குள் நடப்பது வெளியே இருப்பவருக்குத் தெரியாது. எங்கள் வகுப்பில் பாதிப்பேர், யாரும் அழைக்காமல், சந்தைக்குப் போகும் வழியில் நின்று பார்த்து, மறுநாள் காலணியோடு வந்தவர்கள். தனியே இருப்பவரை வீட்டுக் கதவைத் தட்டி அழைப்பது கடினம். அழைத்தால் மானக்குறைவாக நினைப்பார்கள். வேலி ஓரம் நின்று பார்க்க எவருக்கும் கூச்சமில்லை. காலை வெளிச்சம் கண்ணில் படுவது உடலின் உறக்கக் கடிகாரத்தை நேர்ப்படுத்துகிறது என்பதும் உண்மை. இரவில் தூக்கமில்லை என்று வந்த இருவர் இப்போது பத்து மணிக்குக் கண்ணயர்வதாகச் சொல்கிறார்கள்.

திறந்தவெளிக்கு உரிய ஆபத்துகளையும் மறைக்கக் கூடாது. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில், அதிலும் விடிந்தபின் முதல் சில மணி நேரத்திலும் மாலை மயங்கும் முன்பும் மிகுதியாகக் கடிக்கும். எங்கள் வகுப்பு நேரமும் அதுவே. ஆகவே முழுக்கால் சட்டை அணிகிறோம். வகுப்புக்கு முன் இருவர் திடலைச் சுற்றிவந்து, பூந்தொட்டித் தட்டிலும் பழைய டயரிலும் தேங்கிய நீரைக் கொட்டிவிடுகிறார்கள். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வகுப்பு இல்லை. மாலையில் வகுப்பு வைக்கும்படி வேலைக்குப் போகும் பெண்கள் கேட்கிறார்கள். நம் நாட்டில் மாலை இடிமழை எப்போது வரும் என்று சொல்ல இயலாது, திறந்த திடலில் மின்னல் நேரத்தில் நிற்கவே கூடாது. அவர்களுக்குக் கூரையுள்ள இடம் ஒன்று கிடைக்கும்வரை காத்திருக்கும்படி சொல்லியிருக்கிறேன்.

இனிப்புநீர் உள்ளவர்களுக்கு இரண்டு கட்டுப்பாடுகளை விட்டுக்கொடுப்பதே இல்லை. இன்சுலின் ஊசியோ, சர்க்கரையை வேகமாக இறக்கும் சிலவகை மாத்திரைகளோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் ஆடக்கூடாது. இரண்டு ரொட்டித் துண்டாவது சாப்பிட்டிருக்க வேண்டும், பையில் மிட்டாயோ சர்க்கரைத் தண்ணீரோ வைத்திருக்க வேண்டும். கை நடுங்கி வியர்த்தால் கூச்சப்படாமல் உட்கார்ந்து அதை உட்கொள்ள வேண்டும். இரண்டாவது, காலணி. கும்மி வெறுங்காலோடு ஆடுவதுதான் மரபு. கோயில் திடலில் காலணி போடுவது சிலருக்கு மனத்தை உறுத்துகிறது. ஆனால் பாதம் மரத்துப்போனவருக்கு முள் குத்தியதே தெரியாது, தெரியாத அந்தச் சிறு புண்ணிலிருந்துதான் விரல் எடுக்கும் நிலை தொடங்குகிறது. திடலில் ஆடுவதற்கென்று தனியாக வைத்திருக்கும் கழுவிய காலணியை அணிந்துகொள்ள ஆலயங்கள் இசைய வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். சன்னதிப் பக்கம் நாங்கள் அவற்றோடு போகமாட்டோம்.

இனி என் மனக்குறையைச் சொல்கிறேன். வகுப்பில் 20 பேர் சேர்ந்ததும் தாமான் ஓரத்து வெற்றிடம் போதவில்லை. அருகிலிருந்த ஒரு திடலை நிர்வகிப்பவர்களிடம் எழுத்து மூலம் அனுமதி கேட்டோம். வாய்மொழியாகச் சம்மதம் கிடைத்து, நான்கு வாரம் அங்கே நடத்தினோம். ஐந்தாம் வாரம் போனபோது கதவில் புதுப் பூட்டு. விசாரித்தபோது, பெண்கள் வெட்டவெளியில் ஆடுவதைப் பற்றிச் சிலர் முறையிட்டதாகவும், யாராவது விழுந்துவிட்டால் யார் பொறுப்பு என்ற கேள்வி எழுந்ததாகவும் சொன்னார்கள். எந்த இடம், எவர் என்று எழுதுவது என் நோக்கமன்று. அவர்கள் கெட்டவர்களும் அல்லர். அதன் பிறகு கடைகளின் பின்புறம் உள்ள கார் நிறுத்துமிடத்தில் வகுப்பை நடத்தினோம். மேடுபள்ளமான அந்தத் தாரில் கால் இடறி ஒரு பெண்மணியின் மணிக்கட்டு முறிந்தது. புல்தரையில் விழுந்திருந்தால் அடி இவ்வளவு பட்டிருக்காது என்று இன்றும் நினைத்து வருந்துகிறேன். கட்டுப் பிரித்ததும் அவர் வகுப்புக்குத் திரும்பிவிட்டார். நான்தான் அந்த இடத்திற்குத் திரும்பவில்லை. இப்போது ஒருவர் தம் வீட்டின் முன்னுள்ள புல்தரையைக் கொடுத்திருக்கிறார், அதில் 15 பேருக்கு மேல் நிற்க முடியாது. மற்றவர்கள் முறைவைத்து வருகிறார்கள்.

பெண்கள் வெட்டவெளியில் ஆடுவது முறையன்று என்ற பேச்சு என்னை மிகவும் வருத்தியது. நம் பாட்டிமார்கள் முளைப்பாரியைச் சுற்றி, ஊரார் அனைவரும் பார்க்க, கோயில் வாசலில்தான் கும்மியடித்தார்கள். கரகமும் ஒயிலாட்டமும் கூரைக்குக் கீழே பிறந்தவை அல்ல. தைப்பூசத்தில் காவடி எடுப்பவர் சாலை நடுவே ஆடிவருவதை நாம் கையெடுத்துக் கும்பிடுகிறோம். அம்மன் முன்னிலையில் ஆண்டுக்கு ஒரு நாள் ஆடினால் பக்தி, அதே பெண்கள் தங்கள் உடல்நலத்திற்காக வாரம் மூன்று நாள் ஆடினால் முறைகேடு என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை. பரதநாட்டிய வகுப்புகள் நம் ஊரில் நன்றாக நடக்கின்றன, அவை பிள்ளைகளுக்குக் கலையைக் கற்பிக்கின்றன. 65 வயதுப் பெண்ணுக்கு அங்கே இடமில்லை, தேவையுமில்லை. அவருக்கு வேண்டியது அரங்கேற்றம் அன்று. ஆண்கள் வராததும் எனக்குக் குறைதான். மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு பார்க்கும் அண்ணன்மார்களுள் பலர் ஒரு காலத்தில் தோட்டத் திருவிழாவில் ஒயிலாட்டம் ஆடியவர்கள். துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தால் போதும், கற்றுக்கொடுக்க வேண்டியதே இல்லை.

ஆலய நிர்வாகங்களிடம் நாங்கள் பணம் கேட்கவில்லை. மூன்று நாள் காலையில் கதவு திறந்திருக்க வேண்டும். கழிவறையும் குழாயும் பயன்படுத்தக் கிடைக்க வேண்டும். பொறுப்பு யாருடையது என்பதை ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். வகுப்பில் சேர்பவர்கள் தங்கள் உடல்நிலையை அறிந்து, தங்கள் பொறுப்பில் கலந்துகொள்வதாக எழுதித் தர அணியமாக இருக்கிறார்கள். பதிலுக்கு நாங்கள் திடலைப் பெருக்குவோம், கால்வாயில் தேங்கும் நீரை அகற்றுவோம், திருவிழா அலுவலுக்கு ஆள் வேண்டுமென்றால் 26 பேர் இருக்கிறோம். பள்ளித் திடலைப் பொறுத்தவரை, பாடவேளையில் வெளியார் நுழைவதை நானே ஒப்பமாட்டேன். சனி, ஞாயிறு காலையில், தலைமையாசிரியரும் வாரியமும் இசைந்தால் போதும். மாவட்டச் சுகாதாரத் துறையினரிடம் கேட்டால் மாதம் ஒரு முறை இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஒரு தாதியை அனுப்புவார்கள் என்று நம்புகிறேன். அவ்வாறு கேட்பதற்கும் ஒரு நிலையான இடம் எங்களுக்குத் தேவைப்படுகிறது. துண்டாடப்படும் தோட்டங்களைத் தொழிலாளர்களே சேர்ந்து வாங்க வேண்டும் என்று 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. கூலியிலிருந்து காசு சேர்த்துத் தோட்டம் வாங்கியவர்களின் பெண்மக்கள், தங்கள் கோயில் வாசலில் ஒரு மணி நேரம் கேட்கிறோம்.

பிற ஊர்களில் இத்தகைய வகுப்பைத் தொடங்க எண்ணும் சகோதரிகளுக்கு ஒரு சொல். பயிற்றுநர் கிடைக்கவில்லை என்று காத்திருக்காதீர்கள். உங்கள் தாமானில் தோட்டத்திலிருந்து வந்த ஒரு மூத்த பெண்மணியை அழைத்து, அவர் ஊர்க் கும்மியை முதலில் போட்டுக்காட்டச் சொல்லுங்கள். இதயநோய் உள்ளவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், நடக்கும்போது நெஞ்சு இறுக்கம் உணர்பவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே சேரட்டும். முதல் மாதம் கோலாட்டம் வேண்டாம். விரலில் அடிபட்டால் புதியவர்கள் மறுநாள் வரமாட்டார்கள். எங்கள் வகுப்பு திங்கள், புதன், சனி காலை 7.15-க்குத் தொடங்குகிறது. பார்க்க விரும்புவோருக்காக என் முகவரியைத் தங்கள் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். குடிநீரும் மூடிய காலணியும் கொண்டுவந்தால் போதும், கோல் நாங்கள் தருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்